மாடியிலிருந்து விழுந்த தூரக்கண்ணாடி

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அத்தாவின் வேட்டை ரைபிளுக்கு மேல் பொருத்தும் தூரக்கண்ணாடியை மொட்டைமாடியிலிருந்து கீழே போட்டுவிட்டேன். திருச்சியில் பெரியகடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. மலைக்கோட்டைப் படியேறுகிறவர்களின் முகம் தெரிகிறதா என்று பார்க்கத்தான் தோலுறையிலிருந்து அதை எடுத்துப் போயிருந்தேன். முகம் தெரிந்தது. ஒருவர் நின்று மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. அந்தக் குஷியில் கை வழுக்கி, அது முற்றத்துக் கல்லில் போய் விழுந்தது.

ஓடிப்போய் எடுத்தேன். உடையவில்லை. உள்ளே கூட்டல் குறிபோல இருக்கும் மெல்லிய கோடுகளும் அப்படியே இருந்தன. பாவாடையில் துடைத்து உறைக்குள் வைத்துவிட்டேன். யானை மிதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அத்தாவே பெருமை பேசுவார். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் காலை வையம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார்.

"பாய், கடலைக்காட்டுல காட்டுப்பன்னி என் தம்பியக் குத்திருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கான். நீங்கதான் வரணும்."

"அடிபட்ட பன்னி சுட்டவர் மேலயே பாயும்பாங்களே," என்றார் அம்மா.

"கண்ணாடி இருக்குல்ல, குறி தப்பாது," என்று அத்தா உறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்து அம்மா கஞ்சி காய்ச்சினார்.

மூன்றாம் நாள் மதியம் அத்தா வாசலில் வந்து நின்றார். கையும் காலும் முழுதாக இருந்தன. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஒரே குண்டுதான்மா," என்றார்.

"கண்ணாடி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு." என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் கல்யாணத்துக்கு அந்த விவசாயி ஒரு மூட்டைக் கடலையோடு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அன்னைக்கு ஏரிக்கரையில பானைய வச்சு சுட்டுப் பாத்தாரும்மா. மூணு குண்டும் ஒரு முழம் தள்ளிப் போச்சு. எங்கயோ விழுந்து அசைஞ்சிருக்குன்னு கண்ணாடியக் கழட்டிப் பையில போட்டுட்டாரு. அப்புறம் பன்னிக்கு இருபதடி கிட்டக்கப் போயி, வெறுங்கண்ணால சுட்டாரு. ஊரே மூச்சப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு."

கண்ணாடியைப் போட்டது யார் என்று அத்தா வீட்டில் ஒருவரையும் கேட்டதில்லை. வாசலிலேயே அழுது, கண்ணாடியைப் பற்றியும் கேட்டு, நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.