முன் சீட்டுக்கு அடியில் ஒரு ஊறுகாய் டப்பா

அன்று முற்றத்தில் இருந்தது நானும் அத்தானும் அவருடைய நாலைந்து ஆடுகளும்தான். அக்கா இல்லை. நாத்தனாரின் பிரசவத்துக்காகக் கயத்தாறு போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகள் லேத் பட்டறைக்குப் போயிருக்காது. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்த துண்டுகளில் ஒன்றில் ‘அன்பளிப்பு’ என்ற எழுத்து முழுசாக இருந்தது.

அத்தானிடம் ஒரு பழைய பெட்ரோல் கார். கார் என்று நாங்கள்தான் சொல்வோம், பார்க்கிறவர்கள் வேன் என்பார்கள். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிற வகை. பசுவந்தனையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆறு பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய்க் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவார். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வது. பெட்ரோல் விலை ஏறியபோது அந்தப் பெண்களிடம் வாடகையைக் கூட்டிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. தண்ணீரில் கரண்டு விட்டால் வாயு வரும். அதைக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் பாதிதான் ஆகும்.

பெரிய பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவுக்குள் தட்டுத் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, மூடியில் இரண்டு போல்ட் இறக்கி, பாட்டரியிலிருந்து வயர் இழுத்தோம். தண்ணீரில் சோடா உப்பு. வயரைத் தொட்டதும் டப்பாவுக்குள் பால் பொங்குவதுபோல வெள்ளையாக நுரைத்தது.

அத்தான் குழாயின் நுனியைச் சோப்புத் தண்ணீருக்குள் விட்டார். எலுமிச்சை அளவுக்கு ஒரு குமிழி வந்தது. தீக்குச்சியைக் கிழித்து அதன்மேல் காட்டினார்.

சரவெடியில் ஒன்று தனியே வெடித்த மாதிரிச் சத்தம். ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டின. நான் எப்போது எழுந்து வாசல்வரை போனேன் என்று தெரியவில்லை.

“பாத்தியால மாப்ள! எம்புட்டு சக்தி!” என்றார் அத்தான். “நீ படிச்சவன், சொல்லு. சரியாத்தான இருக்கு?”

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்திருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் விரல் தண்டிச் சோதனைக் குழாயில் இந்த ஹைட்ரஜன் வாயுவைப் பிடித்துத் தீ காட்டியிருக்கிறோம். அந்தச் சின்னச் சத்தத்துக்கே எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். இங்கே ஒரு டப்பா நிறைய.

“அத்தான், ஆளுவள ஏத்தாதீங்க. மொதல்ல நாம மட்டும் ஓட்டிப் பாப்போம்.”

“ஆளு ஏத்தாம ஓட்டுனா பெட்ரோலு எவன் போடுவான்? ஒரு டப்பாத் தண்ணிக்குப் பயப்படுதான் பாரு, டிப்ளமோ!”

குழாய் எஞ்சினுக்கு எட்ட வேண்டும் என்று டப்பாவை இடதுபக்க முன் சீட்டுக்கு அடியில் வைத்தார். அந்தச் சீட்டில் ஒரு பெண் உட்காருவாள். தீக்குச்சி மருந்துத் தூள் படிந்த சேலைகள். அதற்கடியில் இது. காலையில் கார் கிளம்பும்போது நான் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கோவில்பட்டியில் வேலை தேடிப் போகிறேன் என்று சொன்னேன். வழக்கமாக அங்கே உட்காரும் பெண் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்படியே தினமும் போனேன். கீழே தண்ணீர் புடபுடவென்று சத்தமிடும். சத்தம் கூடினால் பயம், நின்றுபோனால் அதைவிடப் பயம். தொடையில் சூடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வழியில் கரிசல் காடு வெறுமனே கிடக்கும். வெடித்தால் ஓடிவர ஒரு ஆள் கண்ணில் படாது.

“ஏன் தம்பி, பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி வெறச்சுப்போயி உக்காந்துருக்க?” என்பார் ஆறு பேரில் மூத்தவர்.

“யக்கா, அவுகளச் சும்மா விடுங்க. முட்டை மேல உக்காந்துருக்காவ,” என்பாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாக ஹாரன் அடிப்பார். பெட்ரோல் மிச்சமானதாக அவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒருநாள் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மூக்கில் ஏதோ சுருக்கென்றது. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வாசனை. பின்னால் ஒருத்தி இருமினாள். பிறகு எல்லோரும் இருமினார்கள். என் கண் எரிந்தது. சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

“அத்தான், நிப்பாட்டுங்க! டப்பாவுல என்ன போட்டிய?”

“சோடா உப்பு தீந்துபோச்சு மாப்ள. சோத்து உப்பு ரெண்டு கை போட்டேன். தண்ணியும் நம்ம போர் தண்ணிதான். எல்லாம் உப்புதான?”

போர் தண்ணீரே எங்கள் ஊரில் வாயில் வைக்க முடியாத கரிப்பு. அதோடு இரண்டு கை உப்பு. உப்புத் தண்ணீரில் கரண்டு விட்டால் குளோரின் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். “எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க!” என்று கத்தினேன். பெண்கள் தூக்குச் சட்டிகளோடு குதித்து இறங்கிக் காட்டுப் பக்கம் ஓடினார்கள். மூத்தவருக்கு இருமி இருமி நிற்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் சீட்டைத் தூக்கினேன். வயரின் மேல்தோல் உருகி வழிந்திருந்தது. தண்ணீர் துருநிறத்தில் கொதித்தது. அத்தான் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே கையை விட்டார்.

“அங்கன வேண்டாம் அத்தான்! பாட்டரிப் பக்கம் வயரக் கழத்துங்க!”

அதற்குள் டப்பாவின் மூடியிலிருந்த வயரை இழுத்துவிட்டார். ஒரு பொறி. அவ்வளவுதான் பார்த்தேன். காதுக்குள் அறைந்தது மாதிரி இருந்தது. மூடி பறந்து கூரையில் மோதியது. அத்தான் முகத்திலும் சட்டையிலும் பழுப்புத் தண்ணீர். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கண் தெரிகிறதா என்று கேட்டேன். என்னைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார். பெண்களில் யாரோ கொண்டுவந்திருந்த குடிதண்ணீரை அவர் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

மூத்தவர் மெதுவாக நடந்து வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். கூரை நெளிந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

“இதுக்குத்தான் நீ தெனமும் இங்கன உக்காந்தியா?”

நான் தலையை ஆட்டினேன்.

“நாங்க மருந்துக்குள்ளயே கெடக்கோம் தம்பி. அங்கன ஆணி விழுந்தாக்கூட மேஸ்திரி கத்துவாவ. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே இதத் தூக்கி ஓடையில போட்டுருப்போமே.” அத்தான் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, வாடகை கூட வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியளா? கொல்லவா பாத்திய?”

அத்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பெண்கள் மினி பஸ் பிடித்துப் போனார்கள். அதற்குள் ஆபீஸ் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அரைநாள் சம்பளம் போயிற்று. காரில் மறுபடி ஏற அவர்கள் ஒரு நிபந்தனை சொன்னார்கள்: அந்தச் சாமானெல்லாம் கழற்றி, கோவில்பட்டி மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்து, இனி ஒன்றும் இல்லை என்று அவர்களிடமே சொல்ல வேண்டும். மூத்தவரே பட்டறைக்கு வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைசி நட்டு முறுக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். உப்பு ஆவி உள்ளே போய்க் கார்புரேட்டர் அரித்துப் பொரிந்திருந்தது.

அது, வயரிங், அத்தான் கண்ணுக்கு வைத்தியம், ஆறு பேரின் அரைநாள் சம்பளம் எல்லாம் சேர்த்து எங்களுக்குப் பதினாறாயிரத்து எழுநூறு ரூபாய் ஆயிற்று.