பழசு இருக்கிற பெட்டி

என் மனைவியை நான் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் திரும்பிப் பார்ப்பாள். ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அங்கே பதினாறு சர்வர்கள் அவள் பொறுப்பு. அவசரத்துக்கு யாராவது ஒரு சர்வரில் நேரடியாகக் கை வைத்துவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான். "எதுல எழுதியிருக்கு?" என்று கேட்பாள். எழுதாமல் செய்த வேலை அவள் கணக்கில் செய்யாத வேலை.

அவள் வேலை பார்க்கும் முறையே அப்படி. இயந்திரத்திடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்வதில்லை. "நீ இப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதுவாள். இயந்திரம் அதைப் படித்துவிட்டு அப்படியே ஆகிவிடும். நான் லேத் ஆபரேட்டர். இரும்பைக் கையால் தொடாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கல்யாணமான புதிதில், "புருஷனுக்கும் ஒரு ஃபைல் எழுதிப் போடேன்" என்று கிண்டல் செய்வேன். "எழுதலாம், இந்த மெஷின் படிக்காது" என்பாள்.

மெஷின் படிக்கவில்லை என்பது உண்மை. என் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் இந்தக் கதை நிற்காது. போனில் பணம் கட்டி ஆடும் பழக்கம் எனக்கு மூன்று வருடம் இருந்தது. என்னென்ன போனது என்று பட்டியல் போடப் போவதில்லை. வீட்டில் நிம்மதி போனது, அது போதும். விட்டு ஒழித்த பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. சாயங்காலம் வந்தால் வீடியோ பார்ப்பேன். துருப்பிடித்த பழைய மெஷின்களை ஒருவர் வாயே திறக்காமல் பிரித்து மாட்டுவார். பார்த்தால் மனசு அடங்கும். நடுவில் விளம்பரம் வரும். நான் எதை விட்டேனோ அதே ஆட்டம், அதே பச்சை நிறம், அதே மணிச் சத்தம். என் விலாசம் தெரிந்த மாதிரி தேடி வரும்.

ஜட்ஜம்மா புலம்பவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே செங்கல் அளவில் ஒரு பெட்டியை வைத்து வயரைச் செருகினாள். வீடியோ எல்லாம் ஊரே பார்க்கும் அந்தப் பெரிய தளத்தில்தான் இருக்கிறது. நாங்கள் பார்ப்பது மட்டும் இந்தப் பெட்டி வழியாக. பெட்டி போய் வீடியோவை மட்டும் வாங்கிக்கொண்டு வரும், விளம்பரத்தை வாசலிலேயே விட்டுவிடும். என் பார்வைப் பட்டியலும் பெட்டிக்குள்ளேயே, டேட்டாபேஸ் என்ற கிடங்கில் இருக்கும். போனைப் பூட்டி வைக்கட்டுமா என்றும் ஒருதரம் கேட்டாள். அது மட்டும் வேண்டாம், நான் சின்னப் பிள்ளை இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டாள். அந்தப் பெட்டியை வைத்துப் பதினோரு மாதம் சுத்தமாக ஓட்டினேன்.

அந்தப் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவள் எழுதிய கோப்பை மாட்யூல் என்பாள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டிருந்தாள். முகம் தெரியாத சில நூறு பேர் அதை வைத்துத் தங்கள் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களஞ்சியத்தில் எதைச் சேர்ப்பதென்றாலும் ஒருவர் சரிபார்ப்பார். பெயர் தெரியாது, படத்தில் ஆந்தை, எனவே வீட்டில் அவர் ஆந்தையார். அவர்தான் ஒரு நாள் எழுதினார்: டேட்டாபேஸின் பாஸ்வேர்டு உங்கள் மாட்யூலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் கிடக்கிறதே.

அவளுக்கு முகம் செத்துவிட்டது. "வீட்டப் பூட்டி சாவியக் கதவுலயே தொங்க விட்டிருக்கேன்" என்று இரண்டு நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்று வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். பாஸ்வேர்டு தனிக் கோப்புக்குப் போனது. டேட்டாபேஸுக்குள் நுழைகிற ஆளின் பெயரும் மாறியது. சோதனை பன்னிரண்டு, பன்னிரண்டும் பச்சை, அதாவது பாஸ். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் போய்ச் சேரும்படி சேர்த்துவிடுகிறேன் என்று ஆந்தையார் எழுதிவிட்டார். அதற்கு முன்னால் நம் வீட்டுப் பெட்டியில் ஒருதரம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள் என் மனைவி.

அந்த வாரம் நான் வீட்டில் இருந்தேன். வேலையில் இடது கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு நான்கு தையல். பட்டறைப் பக்கம் வராதே என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். சும்மா இருப்பது எனக்கு ஆகவே ஆகாது, பழைய நினைப்பு தலைதூக்கும். நான்காம் நாள் ஆகியும் நான் அதை அவளிடம் சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

சனிக்கிழமை பதினோரு மணி. ஒரு கடைசல் மெஷினைப் பிரித்துப் பாதியில் விட்டிருந்தார் என் வீடியோக்காரர். மீதியைப் பார்க்கக் கூடத்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரை.

"ஜட்ஜம்மா, ஓடலையே."

"அஞ்சு நிமிஷம்," என்றாள் உள்ளறையிலிருந்து.

ஐந்து நிமிடம் பத்தானது. எட்டிப் பார்த்தேன். முதுகு மட்டும் தெரிந்தது, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. திரையில் சிவப்பு எழுத்து. மறுபடி கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினாள். இருபது நிமிடம். கட்டைவிரல் விண் விண்ணென்று தெறித்தது. துவைத்த துணியை மடித்தேன். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். முப்பத்தைந்து நிமிடம். போன் மேஜையில் கிடந்தது. பெரிய தளத்தில் போய்ப் பார்த்தால் என்ன, ஒரு வீடியோதானே, பதினோரு மாதம் ஆயிற்றே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஜெயித்தும் விட்டேன்.

வீடியோ வருமுன் அது வந்தது. பச்சை நிறம். மணிச் சத்தம். திரும்பி வந்ததற்கு முதல் ஆட்டம் இலவசம் என்றது. விரல் அந்த எழுத்துக்கு மேலேயே நின்றது. அழுத்தவில்லை, எடுக்கவும் முடியவில்லை. வாய்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும் போல இருந்தது. பதினோரு மாதமும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

எப்படி எழுந்தேன் என்று ஞாபகம் இல்லை. உள்ளே போய், மணி அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே அவள் கீபோர்டு மேல் வைத்தேன்.

"இதப் பிடி. என்னால முடியல."

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அழுத்திட்டீங்களா?"

"இல்ல. பெட்டியப் பழையபடி ஓட விடு. எவ்வளவு நேரம் ஆகும்?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"ஒரு நிமிஷம்," என்றாள். "பழைய ஃபைலுக்கு அப்படியே திரும்பிப் போயிடலாம்."

"ஒரு நிமிஷமா? அப்ப இந்த நாப்பது நிமிஷம்?"

"திரும்பிப் போனா எங்க உடைஞ்சுதுன்னு தெரியாதுங்க. பழைய டேட்டா இருக்கிற பெட்டி எங்கிட்ட இது ஒண்ணுதான். மூணு மணிக்கு புதுசு எல்லார் வீட்டுக்கும் போயிடும். எல்லார் வீட்லயும் உடையும்."

"நம்ம வீடு உடையுதேடி!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அவளும் விடவில்லை.

"நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நாலு நாளா நீங்கதானே சொன்னீங்க? நான் என்னன்னு நினைக்கிறது?"

அவள் திரும்பி ஒரே ஒரு வரி அடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கூடத்தில் கடைசல் மெஷின் பிரிபட ஆரம்பித்தது. நான் போகவில்லை, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு ஆந்தையாருக்கு எழுதினாள். இரண்டு தரம் அழித்து எழுதினாள். "சேர்க்க வேண்டாம், நிறுத்துங்கள். தவறு என்னுடையது. என் சோதனைகள் பன்னிரண்டும் காலி இயந்திரத்தில் தொடங்குகின்றன. பழைய டேட்டா இருக்கும் இயந்திரத்தில் இது உடைகிறது."

அதுதான் விஷயம். அவள் தொழிலில் சோதனை என்றால் நிமிடத்தில் ஒரு புது இயந்திரத்தை உண்டாக்கி, ஓட்டிப் பார்த்து, தூக்கிப் போட்டுவிடுவார்கள். புது இயந்திரத்தில் பழசு ஏது? எங்கள் பெட்டியிலோ டேட்டாபேஸுக்குப் பழைய ஆளின் பெயர்தான் தெரியும். புது மாட்யூல் புதுப் பெயரில் போய்க் கதவைத் தட்டியது, உள்ளே விடவில்லை.

"இத்தன வருஷ சர்வீஸ்ல," என்றாள், "பழசு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"எனக்கும்தான் தோணல," என்றேன். நான் என்னைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது, என் கட்டுப்போட்ட கையை எடுத்து வைத்துக்கொண்டாள். இருவருமே அழுதோம், அதில் வெட்கம் இல்லை.

மூன்று மணிக்கு ஒன்றும் சேர்க்கப்படவில்லை. பத்து நாள் கழித்துத்தான் சேர்ந்தது. இப்போது சோதனை பதின்மூன்று. பதின்மூன்றாவதில் முதலில் பழைய மாட்யூல் ஓடும், ஒரு பார்வைப் பட்டியல் சேரும், பிறகுதான் புதுசு வரும். உள்ளே பழசு இருந்தால் புது மாட்யூல் எதையும் தொடாது. பழசு இருக்கிறது, முதலில் அதைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இன்றைக்கும் செருப்பு ஸ்டாண்டுப் பெட்டியில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஜட்ஜம்மா முதலில் உள்ளறையிலிருந்து தலையை நீட்டுவாள்.

"நிறுத்தப் போறேன். எப்படி இருக்கீங்க?"

நல்லாத்தான் இருக்கேன் என்று நான் இப்போதெல்லாம் சட்டென்று சொல்வதில்லை. ஒரு நிமிடம் யோசிப்பேன். பல நாள், "நிறுத்திக்கோ" என்பேன். சில நாள், "இன்னைக்கு வேண்டாம்" என்பேன். ஏன் என்று கேட்க மாட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மெஷின் பிரிப்பதைப் பார்ப்பாள்.