சூரன்போர் அன்று என்னைத் தூக்கிய கை

முருகனை நம்பும் உறவுகளே, என் கால் நாறிய கதையைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. அருவருப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் நீர்வேலியில் இருக்கிறேன். என் கணவர் எனக்கு எச்.ஐ.வி.யைத் தந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கிளினிக்கில் தரும் குளிசைகளால் அந்தக் கிருமி அடங்கியது. பிறகு இரத்தத்தில் சீனி கூடிச் சலரோகம் வந்தது. காலில் புண் வந்து ஆறவே இல்லை. கட்டு மாற்றிவிட ஒருவரும் இல்லை. கணவரின் தங்கை, என் மச்சாள், எனக்கு மட்டும் வாழையிலையில் சோறு போடுவாள். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்காதீர்கள். நான் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக் கழுவ அவளுக்கு அருவருப்பு. அவளைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். என் காலைப் பார்த்தாலும் குமட்டும்.

போன ஐப்பசியில் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். "முருகா, கால் போகாமல் காப்பாற்று. என்னைத் தொட ஒரு மனிசரையாவது காட்டு" என்று அழுதேன். தண்ணீர் மட்டும் குடிக்கும் கடும் விரதம். குளிசை விழுங்கினால் விரதம் முறிந்துவிடும் என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்தினேன். புண் கறுத்தது. காய்ச்சல் அடித்தது. முருகன் சோதிக்கிறார் என்று பேசாமல் இருந்தேன்.

சூரன்போர் அன்று கோயில் வீதியில் விழுந்துவிட்டேன்.

"தொடாதையுங்கோ! அவவுக்கு எயிட்ஸ்!" என்று மச்சாள் கத்தினாள். திருநீறு பூசிய அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சீ, இவர்களும் பக்தர்களா என்று போயிற்று எனக்கு.

அப்போது கரவெட்டியிலிருந்து வந்த ஒரு பெண் என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். சிலர் அவளைத் தடுத்தார்கள்.

"எனக்கும் உந்த வருத்தம்தான். நான் தூக்கிறன். ஆராவது ஒரு ஓட்டோ பிடியுங்கோ" என்றாள், எல்லோருக்கும் கேட்க. தனக்கும் எச்.ஐ.வி. இருப்பதை அதுவரை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

ஓட்டோவில், "குளிசை போட்டனீங்களோ அக்கா?" என்று கேட்டாள்.

"விரதமெல்லே."

"நானும் விரதம்தான். தண்ணியோடை குளிசையையும் விழுங்கினனான். முருகன் உதுக்கெல்லாம் கோவிப்பாரோ?"

ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. வீடு திரும்பியபின் கட்டு மாற்றவும் அவள்தான் பஸ் ஏறி வந்தாள். இப்போது நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். குளிசையை ஒருநாளும் விடுவதில்லை.

டொக்டரைக் கேட்டு விரதம் பிடியுங்கள், குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள், முருகன் ஆளை அனுப்புவார்.

அந்தக் கோயிலுக்கு இன்னும் போகிறேன். அன்று பின்வாங்கிய முகங்களைக் கண்டால் இன்னும் குமட்டுகிறது. அதையும் முருகனிடம் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அவர் என்னைத் தள்ளி நில் என்று ஒருநாளும் சொன்னதில்லை.