ஏலாது என்று சொன்ன நாள்

சர்வாதிகாரம் என்ற சொல்லை நான் தொலைக்காட்சிச் செய்தியில்தான் முதலில் கேட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் முன்பள்ளி ரீச்சரிடம் அர்த்தம் கேட்டேன். அவ சிரித்துவிட்டு, "எங்கட மாதர் சங்கத்தை யோசிச்சுப் பாருங்கோ அன்ரி, விளங்கும்" என்றா. ஓம், உடனே விளங்கிவிட்டது.

நிலாவெளி றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் சங்க மண்டபம். அதில் பாதி முன்பள்ளி. அங்கே காலையில் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சுவது என் வேலை. கஞ்சி காய்ச்ச வாய் தேவையில்லை. கூச்சக்காரியான எனக்கு அது தோதாக இருந்தது.

சங்கத் தலைவி கெட்டவ இல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது அவ அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி அலைந்ததால்தான். மண்டபத்துக்கு ஓடு போடுவித்ததும் அவதான். நாங்கள்தான் எல்லாத்துக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிச் சொல்லி, பன்னிரண்டு வருடத்தில் வேறு சொல் கேட்டால் அவவுக்குக் காது நோகிற அளவுக்கு ஆக்கிவிட்டோம். அவவைவிடப் பத்து வயது மூத்த நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். செயலாளர் கூட்டத்துக்கு முதல் நாளே கொப்பியில் அறிக்கையை எழுதி முடித்துவிடுவா. பாய் விரிக்கப் போன நேரம் ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். இன்னும் நடக்காத கூட்டத்தில் எல்லாம் 'ஏகமனதாக' நடந்திருந்தது. எந்த இடத்தில் நாங்கள் கைதட்டினோம் என்றும் எழுதியிருந்தது.

ஒரு நாள், கச்சான் காற்று அனலாக அடித்த காலம், பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று பிள்ளைகளைக் கொடியோடு றோட்டோரம் நிறுத்தச் சொன்னா தலைவி. ஒரு மணித்தியாலமாகியும் வாகனத்தைக் காணவில்லை. ஒரு சின்னன் மயங்கி விழப் பார்த்தது. ரீச்சர் எல்லாரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சி கொடுத்தா. அதற்குள் வாகனம் வந்துவிட்டது. வெறும் றோட்டில் மாலையோடு தலைவி மட்டும் நின்றா. பக்கத்தில் ஒரு மாடும் நின்றது.

அடுத்த கூட்டத்தில் ரீச்சரை வேலையால் நிற்பாட்டத் தீர்மானம் வந்தது. முன்னிருந்த ரீச்சரையும் இப்படித்தான் நிற்பாட்டினவை. பிறகு முன்பள்ளி மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இந்த ரீச்சரின் புருசனுக்குக் கடல் தொழில் படுத்திருந்த நேரம், அவவின் உழைப்பில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. அவ ஒரு மூலையில் இருந்து சேலைத் தலைப்பை முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தா.

எனக்கு அந்த மாதம் வலது தோள்மூட்டு பிடித்திருந்தது. சீப்பை எடுத்துத் தலை இழுக்க ஏலாது. கஞ்சியையும் இடது கையால்தான் துழாவினேன்.

"ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றா தலைவி. மண்டபம் நிறையக் கைகள் எழும்பின. நானும் தூக்கப் பார்த்தனான். பொய் சொல்லக் கூடாது, பயத்தில் தூக்கத்தான் பார்த்தனான். கை நெஞ்சளவுக்கு மேலே வரவில்லை.

"என்ன, நீங்கள் தூக்கேல்லையோ?" என்று தலைவி என்னைக் கேட்டா.

"ஏலாது" என்றேன்.

நான் நோவைச் சொன்னேன். மண்டபத்துக்குக் கேட்டது வேறு ஏலாது. எனக்குப் பின்னால் இருந்த மீன்காரி, "கஞ்சிக்காரிக்கும் வாய் இருக்கடி" என்று பக்கத்தவளுக்குச் சொன்னா.

தலைவிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன ஏலாது?"

"கை ஏலாது. தோள் நோ."

அவவுக்கு மூச்சு வந்தது. "அதைச் சொல்லுங்கோவன். இடக்கையைத் தூக்குங்கோ, அதுவே காணும்."

இடது கைக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் வில்லங்கம். ரீச்சர் முடிச்சை அவிழ்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தேன்.

"அதுவும் ஏலாது, அக்கா."

"அதுவும் நோவோ?"

"இல்லை."

 பிறகு மீன்காரி தன் கையைக் கீழே விட்டா. "எனக்கும் இப்ப தோள் குத்துது" என்றா. "எனக்குப் பிடரி" என்றது இன்னொரு குரல். "எனக்கு முழங்கால்" என்றா ஒருத்தி. "முழங்காலாலயோடி நீ கை தூக்கிறனி?" என்று மீன்காரி கேட்க, மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். கடைசியில் செயலாளரின் கை மட்டும் நின்றது. அவவும் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே கையால் தலையைச் சொறிந்தா.

ரீச்சரின் வேலை தப்பியது. ஊரில் என்னைத் துணிச்சல்காரி என்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாள் அடுப்படியில் வைத்து ரீச்சரிடம் சொன்னேன், "வலக்கை நல்லாயிருந்தா நானும் தூக்கியிருப்பன் பிள்ளை."

"தெரியும் அன்ரி" என்றா அவ. "முந்தின ரீச்சரை நிப்பாட்டேக்க, சங்கத்தில இருந்த நானும் கை தூக்கினனான்."

ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்காமல் துண்டுக் கடதாசியில் வாக்குப் போட்டோம். தலைவி தோற்றுப்போனா. இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவதுக்கு வந்தவ எங்கே இருப்பதென்று தெரியாமல் வாசலில் நின்றா. நான் பாயில் தள்ளி இருந்து இடம் விட்டேன்.

இப்போது எங்கள் கூட்டம் பொழுதுபடும்வரை முடியாது. எல்லாருக்கும் சொல்லக் கதை இருக்கிறது. மண்டபத்துக்கு என்ன நிறம் பூசுவது என்றே மூன்று கூட்டமாகச் சண்டை. போன முறை நீலம் என்று முடிவாகப் போகிற நேரம், பழைய தலைவி என் காதுக்குள் சொன்னா, "நீலம் இந்த உப்புக் காத்துக்கு ஒரு வருசத்தில வெளுத்துப்போகும். எழும்பிச் சொல்லுங்கோ."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"எனக்குக் கூச்சமாக் கிடக்கு" என்றா.

அது எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். இரண்டு பேருமாக எழும்பினோம்.