செய்மதியில் ஒட்டிய பித்தளைத் தகடு

அன்டனா செய்வது, சரியாக நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத, பிழை வந்தால் ஊரே திட்டுகிற தொழில். உங்கள் தொழிலும் அப்படித்தான் என்றால் கிட்ட வாருங்கள், சேர்ந்து திட்டுவோம்.

பாலாவியில் ஒரு வாடகைக் கட்டடத்தில், பூமியைச் சுற்றப்போகும், இரண்டு கைக்குள் அடங்கும் சின்னச் செய்மதி ஒன்றுக்கு நான் அன்டனா வடிவமைத்தேன். போன் வேலை செய்யாத ஆழ்கடலில் மாட்டிக்கொள்ளும் படகுகளின் செய்தியைக் கரைக்குக் கொண்டுவருவது அதன் வேலை. யுத்தம் முடிந்து கடலுக்குப் போக நேவி பாஸ் கேட்பது நின்றதிலிருந்து என் நாநா, கூடப்பிறந்த அண்ணன், கற்பிட்டியிலிருந்து அப்படியொரு படகில் போகிறார். ஒருமுறை எஞ்சின் நின்று அவர் மிதந்து திரிந்த நாட்களில் உம்மா சோற்றைத் தொடவில்லை. எனக்கு அதுதான் மனதில் இருந்தது.

வெட்டிய அளவு நாடா

நீட்டிய கம்பியோடு செய்மதியை அனுப்ப ரொக்கெட்டில் இடம் கிடையாது. அதனால் மேசன்மார் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவை வெட்டி, மடித்து, மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் கட்டிவிடுவோம். மேலே போனதும் ஒரு சூட்டுக் கம்பி நூலை எரிக்கும், நாடா தானாக நிமிரும். நிமிராவிட்டால் ஏறிப் போய்த் தட்டிவிட ஆளில்லை.

புத்தளத்தில் கடை கடையாக ஏறி, நாடாக்களை மடித்து மடித்துப் பார்த்தேன். கடைசியில் ஒன்று பிடித்தது. அங்கேயே வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “மிஸ், அளக்கிற சாமானையே வெட்டினா, பொறகு எத வெச்சு அளக்கப் போறீங்க?”

கதிரைக்குப் பயம்

அன்டனாவைச் சோதிக்க வெட்டவெளி வேண்டும், பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது. இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்பி அளவுகளைக் கெடுக்கும். கற்பிட்டி மணலில் மரக்கம்பு நட்டு, அதன் உச்சியில் அன்டனாவைக் கட்டி, நானும் என்னோடு வேலை செய்யும், என்னைச் சிங்களத்தில் ‘நங்கி’, தங்கச்சி, என்று கூப்பிடும் சிலாபத்து ரஞ்சித்தும் காலையிலிருந்து மாய்ந்தோம். கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன்.

காசு போட்ட முதலாளி, இறால் பண்ணைக்காரர், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகளோடு வந்திறங்கினார். லொறி நிறைய இரும்புக் கதிரைகள், தகரக் கூடாரம். புரியாணிக் கிடாரத்தை அன்டனாவுக்கு நேர் கீழே இறக்கினார்கள். அன்றைய வேலை முழுதும் நாசம். உச்சந்தலை வரை எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதிரைகளைத் தூரப் போடச் சொன்னேன். “வந்த ஆக்கள நிக்க வெக்கிறதா மகள்? ஒரு கதிரையக் கண்டு பயப்புட்ற சாமான் வானத்துல என்ன செய்யப் போகுது?” என்றார்.

கிணற்றுக் கல்

கிணறு, பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூடக் கக்கூஸ், எங்கள் பக்கம் எதைக் கட்டினாலும் காசு கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். செய்மதி தயாரானதும் முதலாளி பித்தளையில் தன் பெயரை வெட்டிக் கொண்டுவந்தார். ஒட்டச் சொன்ன இடம், நாடாவின் அடி. அங்கே உலோகம் வந்தால் அன்டனா கெட்டுப்போகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கடதாசியில் எழுதி ஒட்டுவோம் என்று கெஞ்சினேன். “ஊர்க் கிணத்துல என்ட பேர் போட்ட கல்லு இரிக்கி. அதால தண்ணி ஊறாம உட்டிச்சா?” என்றார்.

நான் தகட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் வந்தபோது செய்மதியைப் பெட்டியில் மூடி அனுப்பியிருந்தார்கள். முதலாளி சொல்ல, தகட்டைத் தேடியெடுத்து ஒட்டியவர் ரஞ்சித். இதை அவர் என்னிடம் சொன்னதே செய்மதி மேலே போன பிறகுதான். “அவரோட கதைச்சு வெல்ல ஏலாது நங்கி. எனக்கு வேலை வேணும்.”

கீச்சுச் சத்தம்

நாடா நிமிர்ந்தது, அதில் பிழையில்லை. ஆனால் கரைக்கு வந்தது மெலிந்த கீச்சுச் சத்தம் மட்டும். ஒரு படகின் பெயரைக்கூட அதிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. எங்களிடம் மிஞ்சியிருந்த மாதிரிச் செய்மதியில் அதே இடத்தில் ஒரு தகட்டை ஒட்டிப் பார்த்தேன். அதே கீச்சு.

நாநா படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். “இனி நாங்க கூப்புட்டாக் கேக்கும்தானே தங்கச்சி?” என்றார். கேட்காது என்று சொன்னேன். அவர் இன்னொரு தண்ணீர்க் கேனை ஏற்றினார்.

கோபத்தோடு நேரே முதலாளியிடம் போய், மரியாதையை வாசலிலேயே விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சரி மகள், போனது போகட்டும். பேர்த் தகடு கழண்டிருக்காதுதானே?”

கழன்றிருக்காது, நாநாவின் படகுக்கு மேலே முதலாளியின் பெயர் இன்றும் பளபளவென்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, வாயைத் திறக்காமல்.