25.1 மில்லிமீட்டர் டிஸ்க்கும் ஒரு பச்சை ஸ்டிக்கரும்

1. நான் செய்த தப்பு

இதில் மற்றவர்களைக் கொஞ்சம் திட்டப் போகிறேன். அதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஆண்டர்சன்பேட்டையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. இங்கிருந்த தங்கச் சுரங்கம், எங்கள் பேச்சில் மைன், மூடும்வரை நான் வைண்டிங் என்ஜின் ஃபிட்டர். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ், அதை இழுக்கும் டிரம், டிரம்மை நிறுத்தும் பிரேக், இவைதான் என் வேலை. மூடிய பிறகு கார் பக்கம் வந்தேன். ஊரில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். நான் ஓடவில்லை. இங்கேயும் இரும்பு தேயாமலா போகும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கோலார் பக்கம் ஒரு கார் ரேஸ் ட்ராக் வந்ததும் என் பிழைப்பு சூடு பிடித்தது. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே ட்ராக் டே. ரோட்டில் ஓட்ட முடியாத வேகத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கிற நாள். பெங்களூரிலிருந்து வருவார்கள். அப்படி வந்தவர்தான் கிரண். நல்ல மனிதர், நல்ல கார், சொன்னால் கேட்காத காது.

"பிரேக் பிடிச்சா ஸ்டீயரிங் நடுங்குது ஏழுமலை. முன்னாடி டிஸ்க் ரெண்டும் பெண்ட் ஆயிடுச்சு. டர்னிங் போட்டுக் குடுங்க" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். புதிதில் அந்த டிஸ்க்கின் தடிமன் 28 மில்லிமீட்டர். 26-க்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே வார்த்திருக்கும். லேத்தில் மாட்டி, பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் சீவி, 27-ல் விட்டேன். நடுக்கம் போய்விட்டது. இரண்டே ட்ராக் டேயில் திரும்பி வந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரில் பார்த்துவிடலாம் என்று ட்ராக்குக்கே போனேன். கிரண் ஆறு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தார். டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது, அதைக் கவ்வும் பிரேக் பேட் கருகிய வாடை மூக்கைத் துளைத்தது. மனிதர் கண்ணாடியை இறக்கி, காலை பிரேக்கில் அழுத்தியபடியே பத்து நிமிஷம் கதையடித்தார். ஆட்டோ கியர் வண்டிக்காரர்களுக்குச் சிக்னலில் நின்று நின்று பழகிய கால் அது. கொதிக்கிற டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால், பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும், தோசைக்கல்லில் ஒரே இடத்தில் மாவு பிடித்துக்கொள்வது மாதிரி. அடுத்த தடவை பிரேக் பிடிக்கும்போது அந்தத் திட்டு தட்டித் தட்டி ஸ்டீயரிங்கை நடுக்கும்.

டிஸ்க் வளையவே இல்லை. அதைத்தான் நான் ஒரு மில்லிமீட்டர் இளைக்க வைத்திருக்கிறேன். இளைத்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும், சூட்டில் வெடிப்பு விடும். எனக்கு என் மேலேயே கோபம்.

"கடைசி ரவுண்டு பிரேக் தொடாம மெதுவா வாங்க சார். நின்னதும் காலை எடுத்துருங்க, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுக்கலாம்" என்றேன்.

"மைன் பத்தி நான் உங்களைக் கேக்கறேன். கார் பத்தி நீங்க என்னைக் கேளுங்க" என்று சிரித்தார்.

2. ஸ்டிக்கர் வேலை

ட்ராக் டேயை நடத்துபவர் பிரதாப், பங்காரப்பேட்டைக்காரர். நான் அன்று சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்த்ததை அவரும் பார்த்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து பிரேக் செக்கிங் என் கையில் வந்தது. முன் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை அளந்து, வெடிப்பு பார்த்து, பேட் பார்த்து, பிரேக் ஆயில் பார்த்து, சரி என்றால் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர். அது இல்லாமல் வண்டி ட்ராக்கில் இறங்காது. பெரிய பெரிய கார்க்காரர்கள் தடிமன் அளக்கும் என் மைக்ரோமீட்டர் என்ன சொல்கிறது என்று காத்து நிற்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

3. அந்தச் சனிக்கிழமை

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை கிரண் தன் தங்கை அனுவோடு வந்தார். அவளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஓட்டுவதாக ஏற்பாடு. கையில் பெங்களூர் ஒர்க்‌ஷாப் பேப்பர். முன் டிஸ்க் 27 என்று அதில் இருந்தது.

நான் அளந்தேன். 25.1. அடுத்த பக்கமும் 25.1.

குழப்பம் எங்கே என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. பேட் உரசும் இடம்தான் தேயும். விளிம்பில் பேட் படாது, அங்கே வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும். ஒர்க்‌ஷாப்காரர் வெர்னியர் அளவுகோலை அந்த மேட்டின் மேல் வைத்து அளந்துவிட்டார். அவர் எழுதியது, நான் போன வருஷம் சீவிவிட்ட அதே 27. உரசும் இடத்தில் மயிரிழை வெடிப்புகள் வேறு, ஒன்று விளிம்பைத் தொடப் போகிறது.

சக்கரத்தை மாட்டிவிட்டு, ஸ்டிக்கர் கிடையாது என்றேன். பிரதாப் ஓடி வந்தார். கிரண் பின்னால் அவருடைய கிளப் வண்டிகள் பதினொன்று நின்றன. இவர் கோபித்துக்கொண்டு போனால் அத்தனையும் போகும்.

"இன்னா ஏழுமலை, பேப்பர்தான் கீதே. ஒட்டி விடுங்க" என்றார் பிரதாப்.

"பேப்பர்ல ஓரத்தை அளந்துகீறாங்க சார். பேட் பிடிக்கிற எடத்துல இருபத்தஞ்சு புள்ளி ஒண்ணுதான் கீது. இருபத்தாறுக்குக் கீழ போவாதேன்னு டிஸ்க்லயே போட்டுக்கீது."

அதற்குள் கிரணும் அனுவும் ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கிரண் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "ஒரு மில்லிமீட்டருக்கு இவ்ளோ சீனா? அதை இளைக்க வெச்சதே நீங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் அது உண்மை.

"ஆமா சார், நான்தான் சீவினேன். தப்பு என்னுது. அதுக்காக இன்னொரு தப்பு பண்ணச் சொல்றீங்களா?"

பிரதாப் என் கையிலிருந்த ஸ்டிக்கர் ரோலைப் பிடுங்கினார். ஒன்றை உரித்துக் கண்ணாடியில் தானே ஒட்டினார். "ரெண்டே செஷன்தான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த 'நான் பாத்துக்கறேன்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மைன் ஷாஃப்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக்கில் வேலை நடந்தால், சரி என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் முதல் கேஜில் தானே இறங்க வேண்டும். ஃபிட்டரோ என்ஜினியரோ, யாரானாலும். அவர் மேலே திரும்பி வந்த பிறகுதான் ஷிப்ட் ஆட்கள் ஏறுவார்கள். நானும் அப்படி இறங்கியிருக்கிறேன். நாமேதான் இறங்க வேண்டும் என்ற பயத்திலேயே பேனாவை எடுக்குமுன் இன்னொரு தடவை எல்லாவற்றையும் பார்ப்போம்.

இடது பக்கக் கதவைத் திறந்தேன். "அம்மா, ஒரு நிமிஷம் எறங்குங்க. ஹெல்மெட்டைக் குடுங்க" என்றேன். அனு இறங்கினாள். ஹெல்மெட்டை பிரதாப்பிடம் நீட்டினேன்.

"ஸ்டிக்கர் ஒட்டினது நீங்க சார். மொத ரவுண்டு நீங்க ஒக்காந்து போயிட்டு வாங்க. அப்பால இந்தம்மா போவட்டும். எங்க மைன்ல அப்பிடித்தான்."

"எனக்கு இங்க வேலை கீது."

"மூணு நிமிஷந்தான் சார். உங்க வேலைய நான் பாத்துக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். பிரதாப் ஹெல்மெட்டை வாங்கவில்லை. அனு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஏன் உக்கார மாட்டேங்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் காருக்குள் குனிந்து, "அண்ணா, நான் வரலை. நீயும் போகாதே" என்றாள். கிரண் என்ஜினை அணைத்தார். கீழே இறங்கி ஸ்டிக்கரைத் தானே கிழித்தெடுத்தார்.

மாலையில் பிரதாப், "அடுத்த மாசம் வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார்.

"சரி சார். மைக்ரோமீட்டர் என்னுது, எடுத்துகினு போறேன்" என்றேன். இன்றுவரை கூப்பிடவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அந்த டிஸ்க் அன்றைக்கு உடைந்திருக்குமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. இரண்டு செஷனும் ஜோராக ஓடி முடித்திருக்கலாம். அப்படி ஓடியிருந்தாலும் நான் அளந்தது 25.1-தான்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளக்க யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். அளந்த எண்ணை மாற்றிச் சொல் என்று ஒருவர் வந்து நிற்பார், நிச்சயம் வருவார். அவரிடம் வாதாடி மூச்சை வீணாக்காதீர்கள். கதவைத் திறந்து, உட்காருங்கள் என்று சொல்லுங்கள்.