பூட்டியிருந்த குசினிக் கதவு

பதுளைக்கு வெளியே ஒரு சிங்களப் பிரபுவின் பழைய மாளிகையை, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடகியின் நினைவுப் பொருள்களை வைத்து நூதனசாலை ஆக்கியிருந்தார்கள். எண்பதுகளில் ஒரு ஞாயிறு, பசறையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். அவளும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். ரேடியோவில் பாடிப் பேர் வாங்கியதும் எங்களை மறந்துவிட்டாள் என்று, அவள் சாகும்வரை தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

தோட்டத்துத் துரை பங்களாவுக்கு நாங்கள் பின்னாலிருக்கும் குசினிப் பக்கமாக, சமையல்காரர் புழங்கும் கதவு வழியாகத்தான் போவோம். அந்தப் பழக்கத்தில் மாளிகையையும் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஆத்திரம் பொங்கியது.

“கொழுந்து பறிக்கிறவ வந்தா பூட்டிருவீங்களோ?” என்று கத்தினேன்.

காவல்காரர், ஒரு முஸ்லிம் நானா, ஓடி வந்தார். “ஏன் தங்கச்சி கத்துறீங்க? இன்னைக்கு நீங்க நாலாவது ஆளு. எல்லாரும் இங்கதான் வந்து நிக்கிறீங்க.”

“அப்ப தொறந்து விடுங்களேன்!”

“முடியாது. முன்ன இங்க கல்யாணத்துக்குப் பாட வந்தப்ப, அந்தம்மாவ இந்தக் கதவு வழியாத்தான் விட்டாங்களாம். நோயில கெடக்கிறப்ப, நூதனசாலை வரப்போகுதுன்னு சொன்னோம். ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. ‘எங்க ஆளுங்க பழக்கத்துல பின்னாலதான் வருவாங்க. அதப் பூட்டிட்டு, முன்னால கூட்டிட்டுப் போங்க’ன்னு.”

நானா முன்னே நடக்க, பெரிய வாசல் வழியாக உள்ளே போனேன்.

நான் எந்தக் கதவில் வந்து நிற்பேன் என்பதைக்கூட அவள் மறக்கவில்லை. அவளைப் பற்றி நான் சொன்னது பொய் என்று, கேட்ட ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.